சேர்க்கை முதலில், சாதிச் சான்றிதழ் பிறகு

பத்து வயதாகியும் எந்தப் பள்ளியிலும் பெயர் பதியப்படாத ஒரு நரிக்குறவர் சிறுமியைக் காரைக்குடிப் பகுதியின் அரசுத் தொடக்கப் பள்ளியில் சேர்க்க உதவினேன். அதே முயற்சியில் இறங்குவோருக்குப் பயன்படும் என்பதால் எழுதுகிறேன். எங்கள் வீட்டு முகப்பில் பாசிமணி விற்க வரும் அவள் தாய், "ஆச்சி, நாங்கதான் படிக்கல, இதாவது நாலு எழுத்துப் படிக்கட்டும்" என்று கேட்டுக்கொண்டாள்.

முதலில் அணுகிய பள்ளியில் பிறப்புச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் இல்லாமல் வரவேண்டாம் என்று திருப்பி அனுப்பினார்கள். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவோ, வயதுச் சான்று இல்லை என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. ஆண்டின் நடுவில் வந்தாலும் சேர்க்க வேண்டும் என்கிறது 15ஆம் பிரிவு. இவற்றைக் குறிப்பிட்டு வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு கொடுத்த பிறகு, அருகிலிருந்த வேறொரு பள்ளியின் தலைமை ஆசிரியை, வயது குறித்துத் தாய் எழுதித் தரும் உறுதிமொழியே போதும் என்று ஏற்றுக்கொண்டார்.

அந்த உறுதிமொழியில் எந்தத் தேதியை எழுதுவது? "பிள்ளையார்பட்டித் தேருக்கு மறுநாள் பொறந்தா" என்பது மட்டுமே தாய்க்கு நினைவிருந்தது. தேருக்கு மறுநாள் விநாயகர் சதுர்த்தி. தம்பிக்குத் தடுப்பூசி அட்டை இருந்ததால் அதிலிருந்து பின்னோக்கி எண்ணி ஆண்டைப் பிடித்தோம். பழைய பஞ்சாங்கத்தைப் புரட்டியதில் தேதியும் கிடைத்துவிட்டது.

வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதால் எழுத்தறியாத பிள்ளை நேராக ஐந்தாம் வகுப்பில் உட்கார்ந்தாள். இதே சட்டத்தின் 4ஆம் பிரிவு தருகிற சிறப்புப் பயிற்சியைக் கேட்டு வாங்காவிட்டால் இந்த ஏற்பாடு பிள்ளைக்குத் தண்டனைதான் என்பது என் கருத்து.

சாதிச் சான்றிதழ்தான் இழுத்தடித்தது. நரிக்குறவரைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் சட்டத்திருத்தத்தை நாடாளுமன்றம் 2022 டிசம்பரில்தான் நிறைவேற்றியது. அதற்கு முன் அவர்கள் மிகவும் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருந்தார்கள். பழங்குடியினர் சான்றிதழை வட்டாட்சியர் வழங்குவதில்லை, கோட்டாட்சியர்தான் வழங்க வேண்டும். எங்களுக்கு அது தேவகோட்டை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, விசாரணையின்போது சித்தப்பாவின் பழைய சான்றிதழைக் காட்டினோம். அதில் மி.பி.வ. என்றிருந்ததற்கு விளக்கம் எழுதிக் கொடுக்க நேர்ந்தது. இதற்காகக் காத்திருந்தால் ஒரு கல்வியாண்டே போயிருக்கும்.

சேர்த்ததைவிடத் தொடர்ந்து அனுப்புவது கடினமாக இருந்தது. தாயும் தந்தையும் விடியுமுன் வியாபாரத்துக்குக் கிளம்பிவிடுவதால், 2023 ஆகஸ்டில் மாநிலமெங்கும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிவுபடுத்தப்பட்ட காலை உணவுத் திட்டம் அவளுக்குப் பெரிய துணையாயிற்று. தைப்பூசத்துக்குக் குடும்பமே பழநிக்குப் போனபோது அவளும் உடன் போனாள். பெயரை நீக்கிவிட வேண்டாம் என்று வகுப்பாசிரியையிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தோம். பங்குனி உத்திரத்துக்கு அவளைப் பாட்டியிடம் விட்டுச் செல்லப் பெற்றோர் தாங்களாகவே முன்வந்தார்கள்.