செப்டம்பர் 30 அன்று எத்தனை இடம் காலி?

சிங்கப்பூர் மனிதவள அமைச்சிலிருந்து கடிதம் வந்தால், வெளிநாட்டு ஊழியர்களின் வேலை அனுமதி சம்பந்தப்பட்டதா என்றுதான் எங்கள் அலுவலகத்தில் முதலில் பார்ப்போம். 2024 செப்டம்பர் காலாண்டுக்காக வந்தது அப்படிப்பட்டதல்ல. அமைச்சின் ஆய்வு, புள்ளிவிவரப் பிரிவு அனுப்பியிருந்தது. உங்கள் நிறுவனம் கணக்கெடுப்புக்குத் தேர்வாகியிருக்கிறது, இந்தத் தேதிக்குள் விவரம் தர வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கீழே புள்ளிவிவரச் சட்டம் என்றொரு வரி. அதாவது, இஷ்டமிருந்தால் நிரப்பலாம் என்ற கதையெல்லாம் இல்லை, பதில் சொல்லியே ஆக வேண்டும்.

லிட்டில் இந்தியாவில் தொடங்கி வேறு சில பேட்டைகளுக்கும் கிளை பரப்பிய ஓர் உணவகத்தில் சம்பளக் கணக்கும் ஆள் எடுக்கிற வேலையும் என்னுடையவை. அப்போது எங்கள் சம்பளப் பட்டியலில் 64 பேர். நம்மவர்கள் நடத்தும் கடைகளில் இந்தக் கடிதம் பெரும்பாலும் கணக்குப் பார்க்கிறவர் மேசையில்தான் வந்து விழும். ‘ஏதாவது ஒரு நம்பரைப் போட்டு அனுப்பிவிடு’ என்ற உத்தரவும் கூடவே வரும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

ஒவ்வொரு காலாண்டிலும் கேட்கப்படுபவை பழகிப்போனவைதான். காலாண்டு முடிவில் எத்தனை ஊழியர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள் எத்தனை, விலகியவர்கள் எத்தனை, வேலை நேரம், மிகை நேரம், ஆட்குறைப்பு உண்டா, காலியிடம் எத்தனை. சம்பள மென்பொருளிலிருந்து இதில் பாதியை எடுத்துவிடலாம். ஆண்டுக்கொருமுறை செப்டம்பர் 30ஐ வைத்துக் காலியிடங்களைப் பற்றி மட்டும் துருவித் துருவிக் கேட்பார்கள். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் தரத் தயார், குறைந்தபட்சம் என்ன படித்திருக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு மேலாகக் காலியாகக் கிடக்கிறதா, உள்ளூர் ஆட்கள் கிடைக்காததற்கு என்ன காரணம் என்று போகும். இதற்கு மென்பொருள் உதவாது. முதலாளியிடம்தான் போக வேண்டும்.

எங்கள் முதலாளியை எல்லாரும் அண்ணன் என்றே கூப்பிடுவோம். விஷயத்தைச் சொன்னேன்.

“எத்தனை பேர் வேணும்னு கேக்குறாங்களா? இருபதுன்னு போடும்மா. அப்பத்தான் நம்ம கஷ்டம் அவங்களுக்குத் தெரியும். கோட்டாவாவது கூட்டிக் குடுப்பாங்க.”

அவர் ஒருவர்தான் இப்படி நினைக்கிறார் என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். எனக்குத் தெரிந்த பல கடைக்காரர்களுக்கு இந்தப் படிவம் ஒரு மனுப்போலத்தான் தெரிகிறது. ஆனால் கோட்டா, அதாவது வெளிநாட்டு ஊழியர்களுக்கான வரம்பு, அந்தக் கணக்கே வேறு. சேவைத் துறையில் வேலை அனுமதியில் இருப்பவர்களும், இடைநிலைத் திறனாளர்களுக்கான எஸ் பாஸில் இருப்பவர்களும் சேர்ந்து மொத்தப் பணியாளர்களில் 35 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதுவும் உள்ளூர் ஊழியர்கள் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன சம்பளம் என்பதை வைத்து முடிவாவது. உள்ளூர் ஊழியர் ஒருவரை முழு ஆளாகக் கணக்கில் சேர்க்க, 2024 ஜூலையில் வந்த அப்போதைய விதிப்படி அவருக்கு மாதம் 1,600 வெள்ளியாவது (சிங்கப்பூர் டாலர்) கொடுக்க வேண்டியிருந்தது. நான் இருபது என்று எழுதினாலும் இருநூறு என்று எழுதினாலும் அந்த 35 அசையாது. சட்டப்படி இந்த விவரங்களைப் புள்ளிவிவரத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம், நிறுவனத்தின் பெயர் வெளியில் வராது. எனவே பயந்து குறைத்துக் காட்டவும் வேண்டாம், ஆசைப்பட்டுக் கூட்டிக் காட்டவும் வேண்டாம். இதைச் சொன்னதும் அண்ணனுக்குப் பாதி ஆர்வம் போய்விட்டது. “சரி, நீயே பாத்துக்க” என்றார். நான் விடவில்லை. அந்த இருபது பேர் யார் யார் என்று உட்கார வைத்து எழுதி வாங்கினேன்.

அமைச்சின் கணக்கில் காலியிடம் என்றால் அன்றைய தேதியில் ஆள் இல்லாத இடம், அதோடு அதற்கு வெளியிலிருந்து ஆள் எடுக்க நிறுவனம் தீவிரமாக முயன்றுகொண்டிருக்க வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளையும் வைத்துக்கொண்டு பட்டியலில் இறங்கினேன்.

தீபாவளிக்கு இனிப்பு விற்க ஐந்து தற்காலிக ஆட்கள் வேண்டும். வேண்டியதுதான். ஆனால் நாங்கள் தேட ஆரம்பித்ததே அக்டோபர் முதல் வாரத்தில். செப்டம்பர் 30 அன்று அது அண்ணன் மனசில் இருந்த திட்டம், அவ்வளவுதான். ஐந்தையும் அடித்தேன். அடுத்து இரண்டு கேப்டன்கள், அதாவது பரிமாறுவோருக்கு மேற்பார்வையாளர்கள். ஏற்கெனவே பரிமாறுகிற வேலையில் இருக்கும் இரண்டு பையன்களைத்தான் உயர்த்தப் போகிறோம் என்று அண்ணன் அவர்களிடமே சொல்லிவிட்டார். உள்ளுக்குள்ளேயே நிரப்பப்போகும் இடம் கணக்கில் சேராது. அவர்கள் விட்டுப்போகும் இரண்டு பரிமாறும் இடங்களுக்கு வெளியில் ஆள் தேடிக்கொண்டிருந்தோம், அவை சேரும். அப்புறம் ஒரு சமையல்காரர். கும்பகோணத்தில் பெட்டி கட்டி உட்கார்ந்திருக்கிறார், வேலை அனுமதிக்கான கொள்கையளவு ஒப்புதல் கடிதமும் வந்துவிட்டது. அந்த இடத்துக்கு நாங்கள் தேடுவதை நிறுத்தி வெகு நாளாகிவிட்டது, அதுவும் போனது. கடைசியாகத் தட்டுக் கழுவ ஓர் ஆள். அந்த வேலையைத் துப்புரவுக் குத்தகை நிறுவனம் செய்கிறது. ஆள் வந்தாலும் அவர் எங்கள் சம்பளப் பட்டியலில் வர மாட்டார்.

ஒன்பது கழிந்து பதினொன்று நின்றது. அண்ணன் முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம்.

விளம்பரங்களை எண்ணியிருந்தால் வேறு ஒரு கூத்து நடந்திருக்கும். பரிமாற ஐந்து பேர் தேவை. அதற்கு அரசாங்கத்தின் மைகேரியர்ஸ்ஃபியூச்சர் வேலைத் தளத்தில் ஒன்று, ஜாப்ஸ்ட்ரீட்டில் ஒன்று, ஃபேஸ்புக் குழுக்களில் சில, கடைக் கண்ணாடிக் கதவில் ‘ஆட்கள் தேவை’ என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒட்டிய தாள் ஒன்று. ஒரே இடத்துக்கு நாலு விளம்பரம், ஒரே விளம்பரத்தில் அஞ்சு இடம். போதாக்குறைக்கு, ‘கிடைத்தால் எடுத்துக்கொள்ளலாம்’ என்று ஆண்டு முழுக்கப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் விளம்பரங்களும் ஊரில் நிறைய உண்டு. இணையத்தில் வரும் விளம்பரங்களை எண்ணினால் போதாதா, கடைக்காரனை ஏன் தொல்லை செய்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு எங்கள் கண்ணாடிக் கதவே பதில். கதவில் ஒட்டிய அந்தத் தாளும் ஆள் தேடும் முயற்சிதான், ஆனால் எந்த இணையத் தேடலிலும் அது அகப்படாது.

இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி தொழில்வகை. சிங்கப்பூரின் தொழில் வகைப்பாட்டில் ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து இலக்கக் குறியீடு உண்டு. அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் வகைப்பாட்டைத் தழுவியது அது. அதில் செஃப் மூன்றாம் பெரும்பிரிவில், துணை நிபுணர்களோடு வருகிறார். சமையல்காரர் ஐந்தாம் பிரிவில், சேவை, விற்பனை ஊழியர்களோடு. சமையற்கட்டு உதவியாளர் ஒன்பதாம் பிரிவுக்குப் போய்விடுகிறார். மூவரும் வேலை செய்வது ஒரே அடுப்பங்கரையில்தான்.

எங்கள் விளம்பரங்களில் பரோட்டா மாஸ்டரும் செஃப், தோசை மாஸ்டரும் செஃப், புதுக் கிளையின் சமையலுக்குப் பொறுப்பேற்க வேண்டியவரும் செஃப். “குக்னு போட்டா எவனும் போனே பண்ண மாட்டான்மா” என்பது அண்ணனின் அனுபவம், அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் வகைப்பாடு விளம்பரத்தில் இருக்கும் பெயரைப் பார்ப்பதில்லை, செய்கிற வேலையைப் பார்க்கிறது. மெனு முடிவு செய்வது, கொள்முதல், மற்றவர்களை மேற்பார்க்கிறது, இதெல்லாம் புதுக் கிளைக்கு வரப்போகும் ஒருவருக்குத்தான். மாவு பிசைந்து, வீசி, கல்லில் போட்டு எடுக்கிற இருவரும், தோசைக் கல்லுக்கு வரவேண்டிய ஒருவரும் ஐந்தாம் பிரிவு. கடைசிக் கணக்கில் செஃப் ஒன்று, சமையல்காரர் மூன்று, பரிமாறுவோர் ஐந்து, சமையற்கட்டு உதவியாளர் இரண்டு.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. முதல் மூன்று பெரும்பிரிவுகளைச் சேர்த்துத்தான் நிபுணர்கள், மேலாளர்கள், நிர்வாகிகள், தொழில்நுட்பர்கள் என்ற தொகுப்பைச் சொல்கிறார்கள். காலியிடங்களில் அவர்களுக்கானவை எத்தனை விழுக்காடு என்பது ஆண்டுதோறும் செய்தித் தலைப்பாகிறது. ஊரில் உள்ள எல்லாப் பரோட்டா மாஸ்டர்களையும் செஃப் ஆக்கிவிட்டால், பட்டதாரிகளுக்கு வேலை பெருகிவிட்டதென்று ஒரு பொய்ச் செய்தி கிளம்பும்.

சம்பளமும் காரணமும் எழுதுவது எளிது. இந்திய உணவகங்களுக்குச் சமையல்காரர்களை இந்தியாவிலிருந்து வேலை அனுமதியில் எடுக்க 2023 செப்டம்பரிலிருந்து வழி இருக்கிறது, நிலையான மாதச் சம்பளம் 2,000 வெள்ளியாவது தர வேண்டும். ஆகவே அந்த வரிசையில் என்ன எழுதுவது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. பரிமாறும் வேலைக்கு உள்ளூர் ஆட்கள் ஏன் வருவதில்லை என்ற கேள்விக்கு அண்ணன் ஒரு சொற்பொழிவே நிகழ்த்தினார். நான் எழுதியது வேலை நேரம் என்று மட்டும். காலை பத்து முதல் மூன்று, மறுபடி ஆறு முதல் பதினொன்று, சனி ஞாயிறு கட்டாயம். இதற்கு மேல் காரணம் தேட வேண்டியதில்லை.

படிவத்தை அனுப்பிவிட்டு மறந்துபோன நேரத்தில் தொலைபேசி வந்தது. புள்ளிவிவரப் பிரிவின் அதிகாரி ஒருவர், ரொம்பப் பொறுமையான குரல். ஜூன் காலாண்டில் எங்கள் காலியிடம் இரண்டு, இப்போது பதினொன்று. ஆட்குறைப்பும் இல்லை, கும்பலாக யாரும் விலகவும் இல்லை, பிறகு எப்படி இந்த ஏற்றம்? புதுக் கிளை திறக்கிறோம் என்றேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன், விடவில்லை. ஆள் தேட எப்போது தொடங்கினீர்கள், எந்த வழியில், செப்டம்பர் 30க்குள் நேர்காணல் ஏதும் நடந்ததா, பதினொன்றில் எத்தனை புதுக் கிளைக்கு, எத்தனை பழைய இடங்களுக்கு? தீபாவளிக்கான ஆட்களும் இதில் இருக்கிறார்களா என்றுகூடக் கேட்டார். உணவகம் என்றால் அக்டோபரில் இந்தச் சிக்கல் வரும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது!

ஆறு மாதத்துக்கு மேல் காலி என்று நான் குறித்திருந்த ஒரு பரிமாறும் இடத்தைப் பற்றியும் கேள்வி வந்தது. இன்னும் தேடுகிறீர்களா, அல்லது விளம்பரம் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கிறதா? செப்டம்பரில் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் உண்டு, யாரும் ஒத்துக்கொள்ளவில்லை என்றேன். விளம்பரத் தேதிகளும் நேர்காணல் குறிப்புகளும் கையில் இருந்ததால் உடனுக்குடன் சொல்ல முடிந்தது. குத்தம் கண்டுபிடிக்கும் தொனி துளியும் இல்லை. எண் உண்மையாக இருந்தால் அது எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும் அவருக்குச் சம்மதம் என்பதுதான் எனக்குப் பட்டது. பதினொன்று பதினொன்றாகவே நின்றது.

நேரம் செலவழித்து இப்படிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. மாதிரிக் கணக்கெடுப்பு எதிலும் ஒரு நிறுவனத்தின் பதில் அதைப் போன்ற வேறு சில நிறுவனங்களுக்கும் சேர்த்தே நிற்கும். அண்ணனின் இருபதை அப்படியே எழுதியிருந்தால், கூடுதலான ஒன்பது ஒன்பதாக மட்டும் இருந்திருக்காது. காலியிட விகிதம் என்பது காலியிடங்களை, ஊழியர்களும் காலியிடங்களும் சேர்ந்த மொத்தத்தால் வகுப்பது. எங்களுக்கு 75இல் 11, கிட்டத்தட்ட 15 விழுக்காடு. ஒரு கிளை திறக்கும் நேரத்தில் சின்ன நிறுவனத்தின் விகிதம் இப்படித் துள்ளும்.

தனியார் துறையில் 25 ஊழியர்களாவது உள்ள நிறுவனங்களும் பொதுத் துறையும்தான் இந்தக் காலியிடக் கணக்கில் வருகின்றன. டன்லப் ஸ்திரீட்டிலும் கேம்பல் லேனிலும் பத்துப் பேரை வைத்து ஓடும் கடையின் கதவில் ஒட்டிய தாள் இதில் இல்லை. எனக்கு இது ஒரு குறையாகவே தெரிகிறது, நம் பேட்டையின் ஆள் பற்றாக்குறை பெரும்பாலும் அந்தச் சின்னக் கடைகளில்தான் இருக்கிறது. ஆனால் பத்துப் பேர் வைத்திருக்கும் கடைக்காரரிடம் காலாண்டுக்கொருமுறை இந்தப் படிவத்தைக் கொடுத்தால் யார் நிரப்புவது என்ற கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை.

முடிவுகள் ஒரே நேரத்தில் வருவதில்லை. அக்டோபர் கடைசியில் வரும் முன்னோட்ட அறிக்கையில் வேலைவாய்ப்பு, வேலையின்மை, ஆட்குறைப்பு இருக்கும், காலியிடங்கள் இருக்காது. அவை டிசம்பரின் முழு அறிக்கையில், பருவகால ஏற்ற இறக்கத்தைச் சரிசெய்த எண்ணாக வரும். வேலையில்லாத ஒருவருக்கு எத்தனை காலியிடம் என்று செய்தியில் சொல்கிறார்களே, அதில் காலியிடம் எங்களைப் போன்ற முதலாளிமார் பக்கத்திலிருந்து வருவது, வேலையில்லாதவர் எண்ணிக்கை வீடு வீடாகக் கேட்கும் கணக்கெடுப்பிலிருந்து வருவது. 2022 மார்ச்சில் காலியிடங்கள் 128,100 என்ற உச்சத்தைத் தொட்டபோது, எல்லைக் கட்டுப்பாட்டால் ஆள் வராமல் நாங்களும் தவித்துக்கொண்டிருந்தோம். செப்டம்பர் 30இன் விரிவான விவரங்கள் அடுத்த ஆண்டில் தனி அறிக்கையாகின்றன. படிப்பு முதன்மையான அளவுகோல் இல்லை என்று முதலாளிகள் சொன்ன காலியிடங்கள் நான்கில் மூன்றுக்கும் மேல் என்று அதில் படித்தேன். பரோட்டா மாஸ்டர் இடத்துக்கு நானும் அப்படித்தான் குறித்திருந்தேன்.

இப்போது காலாண்டின் கடைசி நாளன்று ஒரு தாளை அச்செடுத்துக் கோப்பில் வைத்துவிடுகிறேன். அன்று ஓடிக்கொண்டிருந்த விளம்பரங்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை இடம், தேடத் தொடங்கிய தேதி, கடைசியாக யாரைப் பார்த்தோம் என்பது மட்டும். கண்ணாடிக் கதவை ஒரு படமும் எடுத்துக்கொள்கிறேன், தேதியோடு. அண்ணன் அந்தக் கோப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் கேக்குறவங்க, எட்டு மணிக்கு மேல பஸ் நிறுத்தத்துல நிக்கிற பசங்களை நம்ம கடைக்கு அனுப்பலாம்ல” என்றார். அதற்கான கட்டம் படிவத்தில் இல்லை என்றேன்.