பள்ளிக் கொள்முதலும் பயிற்சியும்

பள்ளிகளில் கொள்முதலைக் கவனிப்பவர் பெரும்பாலும் அதற்கெனப் பயின்றவர் அல்லர். கணக்கரோ தலைமையாசிரியரோ மற்ற வேலைகளுக்கிடையே அதையும் சேர்த்துச் சுமக்கிறார். அச்சுப்பொறியின் விலையை மட்டும் ஒப்பிட்டு, பின்னர் மைக்கும் பராமரிப்புக்கும் ஆகப்போகும் செலவைக் கணக்கில் கொள்ளாமல் விடுவதும், தானாகவே நீட்டிக்கப்படும் வாடகை ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ள வேண்டிய தேதியைத் தவறவிடுவதும் (நானும் தவறவிட்டிருக்கிறேன்) பயிற்சியின்மையால் நேர்பவை. தேவையைத் தெளிவாக எழுதுவதும் விற்பனையாளர்கள் எழுதித் தரும் விலைப்புள்ளிகளை ஒரே அடிப்படையில் மதிப்பிடுவதும் கற்றுத்தரக்கூடிய திறன்கள்தாம். பல பள்ளிகள் சேர்ந்து வாங்கினால் விலை குறையக்கூடும் என்பது தெரிந்ததே. அதைவிடப் பெரிய பயனாக எனக்குத் தோன்றுவது, எந்த விற்பனையாளர் சொன்ன நாளில் பொருளைத் தந்தார் என்ற அனுபவத்தைத் தங்களுக்குள் பகிர்ந்துகொள்வது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே பெரிய ஒப்பந்தமாகக் கட்டினால் சிறு விற்பனையாளர்கள் போட்டியிட முடியாமல் போவதால், பொருள்வகை வாரியாகப் பிரித்து விலைப்புள்ளி கோருவதே நல்லது.