பத்ராத்ரி ராமனிடம் பாடித் தீர்த்த கடன்

ஸ்ரீராமஜெயம்.

என் மாமியாருக்குத் தெலுங்கு தெரியாது. ஆனால் பத்ராசல ராமதாசர் கீர்த்தனைகளை நடுராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் பாடுவார். கும்பகோணத்துக்காரர். மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் வகுத்துக் கொடுத்த பஜனை முறையில் வளர்ந்தவர். எங்கள் பக்கத்தில் ராதா கல்யாணமோ சீதா கல்யாணமோ, ராமதாசர் பாட்டு இல்லாமல் நடக்காது.

என் கணவருக்கு பைபாஸ் நடந்தபோது ஐசியூ வாசலில் உட்கார்ந்து, 'பலுகே பங்காரமாயெனா கோதண்டபாணி' (உன் பேச்சே பொன்னாகிவிட்டதா, ராமா) என்ற ராமதாசர் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். பிள்ளை எழுந்து நடமாடினால் பத்ராசலத்துக்கே வந்து உன் முன்னால் இதைப் பாடுகிறேன் என்று அப்போது நேர்ந்துகொண்டதாகப் பிற்பாடுதான் சொன்னார். பிள்ளை நடமாட ஆரம்பித்து வெகுநாள் ஆகியும் ஒவ்வொரு காரணமாகப் பயணம் தள்ளிப் போனது. "வட்டி ஏறிண்டே போறதுடி" என்று அம்மா (மாமியாரை நான் அப்படித்தான் கூப்பிடுவேன்) சொல்லாத நாளில்லை. ஒருவழியாக இந்த வருஷம் ராமன் கூப்பிட்டான்.

சென்னையிலிருந்து விஜயவாடா வரை ரயில். அங்கிருந்து பஸ். ரயிலில் நேராகப் போகலாமே என்பவர்களுக்கு: 'பத்ராசலம் ரோடு' என்ற ஸ்டேஷன் இருப்பது கொத்தகூடத்தில், அங்கிருந்தும் 40 கிலோமீட்டர் பஸ்ஸில்தான் போக வேண்டும். எங்கள் பஸ் சத்துபள்ளி தாண்டி ஒரு பொட்டல்காட்டில் நின்றுவிட்டது. உச்சி வெயில். டிரைவர் அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். கையில் இருந்த தண்ணீரும் தீர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. அம்மாவோ எதிரே பெட்டிக்கடைக்காரரைப் பார்த்து, 'ஏ தீருக நனு தய ஜூசெதவோ' (எந்த விதமாக என்மேல் தயை காட்டப் போகிறாயோ) என்று ராமதாசர் பாட்டிலேயே கேட்டார்! பாவம், தண்ணீருக்கு அவரிடம் இருந்த தெலுங்கு அதுதான். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். குளிர்ந்த பாட்டிலைக் கொடுத்துவிட்டு காசு வாங்க மறுத்துவிட்டார்.

மாற்று பஸ் வந்து, கொத்தகூடம் தாண்டினால் பால்வஞ்சா. கஞ்செர்ல கோபண்ணா, அதாவது நம் ராமதாசர், தாசில்தாராக உட்கார்ந்து வரி வசூலித்த ஊர். கோல்கொண்டாவில் சுல்தான் தானீஷாவிடம் மந்திரிகளாக இருந்த அக்கண்ணா, மாதண்ணா இருவரும் அவருக்கு மாமன்மார். வசூலித்த பணத்தைக் கோயிலில் போட்டதும், 12 வருஷம் கோல்கொண்டா சிறையில் கிடந்ததும், ராமோஜி லக்ஷ்மோஜியாக வந்து ராம லட்சுமணர்களே ஆறு லட்சம் வராகனைக் கட்டியதும் உங்களுக்கெல்லாம் தெரிந்த கதைதான். அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு நடுவே அந்த ஊரைக் கடந்தபோது என் கணவர் கைகூப்பினார். சாதாரணமாக அவர் அப்படியெல்லாம் செய்கிறவர் இல்லை.

சாரபாகா தாண்டிப் பாலம் ஏறினதும் கோதாவரி. இவ்வளவு அகலமாக இருக்கும் என்று நான் நினைக்கவே இல்லை. கரையில் வெள்ள அளவு பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். இங்கே 53 அடியைத் தொட்டால் மூன்றாம் எச்சரிக்கை. 2022 ஜூலையில் 70 அடியையும் தாண்டி ஓடியிருக்கிறது.

மறுநாள் விடியற்காலை ஸ்நானம் முடித்துப் படியேறப் போனால், புரோக்கர்கள் தொல்லை. ரூம் வேணுமா, ஸ்பெஷல் தரிசனம் வேணுமா என்று ஒருவர் விடாமல் பின்னாலேயே வந்தார். வயசானவர்களைக் கண்டால் இவர்களுக்குக் கொண்டாட்டம்தான். பேரம் ஐந்நூறில் ஆரம்பித்து முந்நூறுக்கு இறங்கியபோது அம்மா நின்று திரும்பி, ராகத்தோடு கேட்டார்: "எவடப்ப சொம்மனி?"

ராமதாசர் சிறையில் அடி தாங்காமல் ராமனையே கேட்ட கேள்வி அது. அப்பன் வீட்டுச் சொத்தென்றா இப்படிக் குலுக்கித் திரிகிறாய் என்று. அந்த ஊர்க்காரருக்கு அது தெரியாமல் இருக்குமா? ஒரு நிமிஷம் திகைத்தார், அப்புறம் சிரித்துவிட்டு அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார். படிக்கட்டில் பாதி தூரம் கைபிடித்து அழைத்துப்போனதும் அவரேதான். ராமனுடைய ஊரில் புரோக்கரும் இப்படி!

சனிக்கிழமை என்பதால் கூட்டம் நெரிந்தது. வரிசை நகர்வதாகவே தெரியவில்லை. பின்னால் வந்த ஒரு குடும்பம் எங்கள் முதுகிலேயே சாய்ந்துகொண்டு வந்தது. அம்மாவுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. உட்காரலாம் என்றால் இடமில்லை. இந்த நிலைமையில் எங்கே பாடுவது, முகத்தைப் பார்த்தாலே போதும் என்று நான் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன்.

சந்நிதி வந்தது. வைகுண்ட ராமன். நான்கு திருக்கரங்கள். வில்லும் அம்பும் போக, சங்கு வலக்கையில், சக்கரம் இடக்கையில். இடது மடியில் சீதம்மா. பக்கத்தில் லட்சுமணன். எத்தனையோ ராமர் கோயில் பார்த்திருக்கிறேன், தாயாரை மடியிலேயே வைத்துக்கொண்டு இப்படி உட்கார்ந்தவனைப் பார்த்ததில்லை. 'நனு ப்ரோவமனி செப்பவே சீதம்ம தல்லி', என்னைக் காப்பாற்றச் சொல்லம்மா சீதம்மா என்று ராமதாசர் ஏன் அவளைச் சிபாரிசுக்குப் பிடித்தார் என்பது அங்கே நின்றால் புரிகிறது. சொன்னால் கேட்கிற தூரத்தில்தானே இருக்கிறாள்.

அம்மா உதடு அசைவதை அர்ச்சகர் பார்த்துவிட்டார். என்ன கேட்டார் என்று எனக்குப் புரியவில்லை. கையை மட்டும், பாடுங்கள் என்பதுபோல் காட்டினார். ஆனந்தபைரவி ராகத்தில் அந்தப் 'பலுகே'வை எடுத்தார் அம்மா. பல்லவி நன்றாகவே வந்தது. 'இரவுக இஸுகலோன பொரலின உடுத பக்திகி' என்று அணில் சரணத்துக்கு வந்ததும் குரல் உடைந்து நின்றுவிட்டது. மணலில் புரண்ட அணிலுக்கே இரங்கினாயே என்ற இடம். அடுத்த வார்த்தை வரவில்லை. என் கணவர் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார். அப்போது பின்னாலிருந்து, வழியெல்லாம் எங்கள் முதுகில் சாய்ந்துகொண்டு வந்தாளே அந்தப் பெண், 'கருணிஞ்சி ப்ரோசிதிவனி' என்று அடியை எடுத்துக்கொடுத்தாள். அவளோடு அவள் மாமனார், அப்புறம் வரிசையே. யாரும் தள்ளவில்லை. யாரும் நகரச் சொல்லவில்லை. எத்தனை நேரம் என்று எனக்குத் தெரியாது. ராமா, உனக்குத்தான் தெரியும்.

தீர்த்தம், சடாரி எல்லாம் எப்படி ஆயிற்று என்று நினைவில்லை. பிறகு ராமதாசர் செய்துவைத்த நகைகளைப் பார்க்கப் போனோம். சீதம்மாவுக்குச் செய்த சிந்தாகு பதக்கம், அந்தப் புளிய இலைப் பதக்கம், பாட்டில் எத்தனை தடவை கேட்டது! பரதனுக்குச் செய்த பச்சைக்கல் பதக்கத்துக்குப் பதினாயிரம் வராகன் ஆயிற்று என்று 'இக்ஷ்வாகு குல திலக'வில் ராமதாசர் கணக்கே சொல்லியிருக்கிறார். கணக்குச் சொல்லி, திட்டி, கடைசியில் 'அப்ப திட்டிதினனி ஆயாஸ படவத்து' என்று, திட்டினேனே என வருத்தப்படாதே, அடி தாங்காமல் திட்டிவிட்டேன் என்று சமாதானமும் அவரே செய்கிறார். கண்ணாடிக்கு முன்னால் நின்று அம்மா அந்தச் சரணத்தை மட்டும் மெதுவாகப் பாடினார். வட்டி ஏறுகிறது, வட்டி ஏறுகிறது என்று இத்தனை நாள் அவனைக் குறை சொன்னதற்காம்.

நம் தியாகராஜ சுவாமிகளும் 'க்ஷீரஸாகர சயன'வில், ராமதாசரின் சிறையை நீ தீர்த்ததைக் கேட்டிருக்கிறேன் என்று ராமனுக்கு நினைவூட்டுகிறாரே. திருவையாற்றில் இருந்துகொண்டு அவர் கேள்விப்பட்டதை நாங்கள் கண்ணால் பார்த்துவிட்டோம். இந்தப் பாக்கியத்துக்கு என்ன கைம்மாறு செய்ய முடியும்? இந்த ஏழைக் குடும்பத்துக்கு ஒரு உயிரைத் திருப்பிக் கொடுத்து, வழிச்செலவுக்குக் கொடுத்து, பாட ஒரு குரலையும் கொடுத்து, குரல் நின்ற இடத்தில் வேறொருத்தி குரலையும் கொடுத்தானே!

பர்ணசாலைக்கும் போய்வந்தோம். 35 கிலோமீட்டர் இருக்கும், ஆட்டோவே போகிறது. லட்டும் புளியோதரையும் கட்டிக்கொண்டு ஊர் திரும்பினால், பஜனை மண்டலியில் ஒவ்வொருவரும் அடுத்த ஸ்ரீராமநவமிக் கல்யாணத்துக்கு முத்தியால தலம்பிராலு, அந்த முத்து சேர்ந்த கல்யாண அட்சதை, வாங்கித் தர வேண்டும் என்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் யார் போவது என்று நான் கேட்கிறேன். அம்மா ஏற்கெனவே வேன் வாடகை விசாரிக்கச் சொல்லிவிட்டார்.