காலியாக இல்லாத காலிப் புலம்

சம்பளப் பட்டியலை ஓட்டினால் ஒரே ஒருவருக்கு மட்டும் ‘கட்டாயப் புலம் காலி: செலவு மையம்’ என்று சிவப்பில் பிழை. நிரப்பியே ஆகவேண்டிய கட்டம் காலியாம். திரையைத் திறந்தால் செலவு மையம் (அவர் சம்பளம் எந்தப் பிரிவின் கணக்கில் சேரும் என்ற விவரம்) பளிச்சென்று உட்கார்ந்திருக்கிறது! சாப்பாட்டையும் மறந்து மூன்று மணி நேரம் தேடினேன்.

கடைசியில் கண்ணில் பட்டது தேதி. அவர் வேலையில் சேர்ந்தது 3ஆம் தேதி. செலவு மையப் பதிவு தொடங்குவதோ 5ஆம் தேதி. நடுவில் இரண்டு நாள் ஓட்டை.

இந்தச் சம்பள மென்பொருளில் ஒவ்வொரு விவரத்துக்கும் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. முடிவு இன்னும் தெரியாவிட்டால் 31.12.9999. திரை காட்டுவது இன்றைய நிலவரத்தை. சம்பளக் கணக்கோ மாதத்தின் ஒவ்வொரு நாளையும் தட்டிப் பார்க்கிறது.

9999 வரை யோசித்த புண்ணியவான்கள், எந்த நாளில் காலி என்பதையும் பிழைச் செய்தியில் சேர்த்திருக்கலாம்.

தேதியைத் திருத்தினேன், ஓடிவிட்டது. தயிர்சாதம்தான் புளித்துவிட்டது.