களியக்காவிளை, ஜனவரி 2020

ஜனவரி 9, வியாழன்
ராத்திரி கண் மூடவில்லை. கடையை அடைத்துவிட்டு வந்து சோறு வைக்கும்போதே போன் மேல் போன். சந்தை ரோட்டுப் போலீஸ் சோதனைச் சாவடியில் சிறப்பு எஸ்.ஐ. வில்சனைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். மணலும் ரேஷன் அரிசியும் கேரளாவுக்குக் கடத்துகிறவர்களைப் பிடிக்க உட்கார்ந்திருந்த மனுஷர். அவரைக் கொல்ல யாருக்கு என்ன இருந்தது?

ஜனவரி 10
சுட்டுவிட்டு ரெண்டு பேர் ஓடுகிற வீடியோ எல்லார் போனிலும் இருக்கிறது. பிளவுஸ் வாங்க வந்த பிள்ளை என்னிடமும் காட்டினாள். மகன் வயதுதான் இருக்கும். ஜும்மா முடிந்து வந்த என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசாமல் படுத்துவிட்டார்.

ஜனவரி 12
சந்தையில் சாளை மீன் குவிந்து கிடக்கிறது, வாங்க ஆள் இல்லை.

ஜனவரி 13
மகன் காலையில் கேரள பஸ்ஸில் காலேஜுக்குப் போனான். எல்லை தாண்டினதும் பஸ்ஸை நிறுத்தி எல்லார் பையையும் பார்த்தார்களாம். பெயரைக் கேட்ட பிறகு இவன் பையை மட்டும் மறுபடி கொட்டச் சொன்னார்களாம். பார்க்கட்டும், பார்க்க வேண்டிய நேரம்தான். ஆனால் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு சீட்டுக்குப் போனதை அவன் சொன்னபோது என்னால் தாங்க முடியவில்லை. "விடும்மா, பழகிரும்" என்கிறான். பத்தொன்பது வயதில் இது ஏன் பழக வேண்டும்? தாடியை எடுத்துவிடு மக்களே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.

ஜனவரி 14
கர்நாடகா உடுப்பியில் அந்த ரெண்டு பேரைப் பிடித்துவிட்டார்கள். நம்ம மாவட்டத்துக்காரர்கள். வெளியூர்க்காரனாக இருக்கக்கூடாதா என்று இத்தனை நாளும் துஆ செய்தேன். யாரோ பெற்ற பிள்ளைகள் என்ற இரக்கம்கூட எனக்கு வரவில்லை.

ஜனவரி 15
பக்கத்து வீட்டிலிருந்து எப்போதும் போலப் பொங்கல் வந்தது. தூக்குப் பாத்திரத்தை வாங்கும்போது அழுதுவிட்டேன். வழக்கமாக வருவது வந்ததற்கே நன்றி சொல்லும்படி ஆகிவிட்டோமே என்று அப்புறம் கோபமும் வந்தது. அந்த அக்காவுக்கு அது தெரியாது.

ஜனவரி 17
மார்த்தாண்டத்தில் வில்சன் வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்க வேண்டும். ரெண்டு பெண் பிள்ளைகளாம். முதல்வர் ஒரு கோடி அறிவித்திருக்கிறார், நல்லது, ஆனால் சாயந்தரம் வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் இனி அந்த வீட்டுக்கு ஏது? முக்காட்டோடு நான் போய் நின்றால் அவர்களுக்கு என்ன தோன்றும்? வெந்த புண்ணில் வேல் பாய்ச்சின மாதிரி ஆகிவிடுமோ? போகாவிட்டால், ஒருத்திகூட வரவில்லையே என்று ஆகிவிடாதா? ராத்திரியெல்லாம் இதே நினைப்பு. வெட்டின துணியைத் தைக்கக்கூட ஓடவில்லை.

ஜனவரி 18
அந்த வீடியோவை மறுபடி பார்த்தேன். ஏன் பார்க்கிறேன் என்று தெரியவில்லை.

ஜனவரி 23
எர்ணாகுளம் பஸ் ஸ்டாண்டு ஓடையில் அவரைச் சுட்ட துப்பாக்கி கிடைத்ததாம்.

ஜனவரி 24
அவரைக் குத்தின கத்தி திருவனந்தபுரத்தில் தம்பானூர் ஸ்டாண்டு பக்கம் கிடைத்ததாம். மகன் தினமும் இறங்கும் ஸ்டாண்டு. அவனும் அவர்களும் ஒரே நேரத்தில் அங்கே நின்றிருந்தால், எந்தக் கேமராவில் யார் முகம் விழுந்திருக்கும்? கேட்டால் இவர் சத்தம் போடுகிறார்.

ஜனவரி 25
வில்சன் வீட்டுக்குப் போக வேண்டும் என்று எதிர்வீட்டு அக்காவிடம் சொன்னேன். "நாளைக்கு ஆராதனை முடிஞ்சதும் நான் கூட வாறேன் பிள்ளே, யாரு என்ன சொல்லுவா" என்றாள். இவருக்குச் சம்மதமில்லை. நான் போகத்தான் போகிறேன். மகனின் காலேஜ் கார்டை நகல் எடுத்துப் பையிலும் சட்டையிலும் வைக்கச் சொல்ல வேண்டும்.