வடிகஞ்சியும் பயறு மாவும்

எங்கள் வீட்டில் நான், மாமியார், கல்லூரிக்குப் போகும் மகள் என்று மூன்று பெண்கள். மூன்று பேருக்கும் முகத்துக்கும் உடம்புக்கும் ஒரே டப்பா நலங்கு மாவுதான், தலைக்குச் சீயக்காய். மாவுக்கான சாமான் எல்லாம் சேர்த்து, அரைப்புக் கூலியோடு 400 ரூபாய் வாக்கில் முடிந்துவிடும். மூன்று பேருக்கு ஒன்றரை மாதம் தாராளமாக வரும். சம்பளத்தை எண்ணிச் செலவு செய்கிற வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை.

அளவு இதுதான்: பச்சைப்பயறு 1 கிலோ, பூலாங்கிழங்கு 100 கிராம், காய்ந்த ஆவாரம்பூ 100 கிராம், ரோஜா இதழ், வெட்டிவேர், கஸ்தூரி மஞ்சள் மூன்றும் 50 கிராம் வீதம். பயறு சமையலறையிலேயே இருக்கும். மற்றதெல்லாம் மதுரை கீழமாசி வீதியில் நாட்டு மருந்துக் கடையில் வாங்குவேன். கஸ்தூரி மஞ்சளைப் பார்த்து வாங்குங்கள். பளீரென்று மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் வேறு கிழங்கு. அசல் கஸ்தூரி மஞ்சள் வெளிறிப்போய் இருக்கும், முகர்ந்தால் கற்பூர வாடை வரும், முகத்தில் மஞ்சள் கறை ஏறாது.

மில்லுக்கு எப்போது போகிறோம் என்பதும் முக்கியம். மிளகாய் ஓட்டிய மெஷினில் இந்த மாவு விழுந்தால் முகமெல்லாம் காந்தும். எங்கள் தெரு மில்காரர் பையைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார்: "அக்கா, மிளகாய் ஓட்டியாச்சு, நாளைக்கு வெள்ளனா வாங்க." காலையில் முதல் ஆளாகப் போனால், முந்தின ஈடு அரிசியோ கோதுமையோ எனக் கேட்டுக்கொண்டு கொடுக்கலாம். சீயக்காய்க்குத் தனி மெஷின் வைத்திருக்கிற மில்லாக இருந்தால் இன்னும் நல்லது.

அரைத்து வந்த மாவைச் சூடு ஆறும்வரை பேப்பரில் பரப்பிவைத்து, முதலில் சல்லடையில் சலிப்பேன். அப்புறம் பழைய வேட்டித் துணியைப் பாத்திரத்தின் வாயில் இழுத்துக் கட்டி, மேலே மாவைப் போட்டுக் கையால் தேய்த்துத் தேய்த்து இறக்குவேன். கை வலிக்கும் வேலைதான். ஆனால் அப்படிக் கீழே இறங்குகிற மாவு மட்டும்தான் முகத்துக்கு. துணியில் தங்கும் கப்பி குதிகாலுக்கும் முழங்கைக்கும். முகத்தில் பயறுத் துகளோ சர்க்கரையோ போட்டு அழுத்தித் தேய்த்தால் தோல் கீறும். பரு இருக்கிற முகத்துக்கு அது கெடுதல்.

ஈரம் பட்டதை அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். இதில் நான் ரொம்பக் கண்டிப்பு. உலர்ந்த மாவு ஈரக்கை படாமல் இருந்தால் கெடாது. தண்ணீரோ தயிரோ சேர்ந்த நிமிடத்திலிருந்து அதில் கிருமி வளரும். கடைக் கிரீமில் அதைத் தடுக்க மருந்து சேர்க்கிறார்கள், நம் கிண்ணத்தில் அது கிடையாது. அதனால் மகள் தனக்கு மட்டும் ஒன்றரை ஸ்பூன் மாவில் புளித்த தயிர் விட்டுக் குழைத்துக்கொள்வாள், எண்ணெய் வழியும் முகம் அவளுக்கு. மாமியாருக்கு வறண்ட தோல், பாலில் குழைப்பார். மிச்சம் இருந்தால் கையில் காலில் பூசித் தீர்ப்போமே தவிர, ஃப்ரிட்ஜில் ஏற்றுவது கிடையாது. கற்றாழையும் அப்படித்தான். அன்றைக்குத் தேவையான ஒரு மடலை வெட்டி, மஞ்சளாக வடிகிற பால் போகும்வரை நிறுத்திவைத்து, நன்றாகக் கழுவிய பிறகுதான் சோற்றை எடுக்க வேண்டும். அந்தப் பால் பட்டால் சிலருக்கு அரிக்கும்.

இனி வடிகஞ்சி. குக்கர் வந்த பிறகு பல வீடுகளில் கஞ்சியே இல்லாமல் போய்விட்டது. எனக்காக அதை ஒரு நாளாவது திரும்பக் கொண்டுவாருங்கள். வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் அன்றைக்கு மட்டும் நான் பானையில் உலை வைத்துச் சோறு வடிப்பேன். நல்லெண்ணெயை இரண்டு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுச் சூடாக்கி, ஆறவைத்துத் தலையில் தேய்த்து ஊறுவதற்குள் கஞ்சியும் வெதுவெதுப்புக்கு வந்திருக்கும். அதில் சீயக்காய்த் தூளைக் கட்டியில்லாமல் கரைத்தால் கூழ் மாதிரி வரும். வெறும் தண்ணீரில் கரைத்த சீயக்காய் நெற்றி வழியாகக் கண்ணில் இறங்கும். கஞ்சியில் கரைத்தது முடியைப் பிடித்துக்கொண்டு நிற்கும், வறட்டவும் செய்யாது.

எங்கள் பகுதியில் போர்த் தண்ணீர், உப்பு அதிகம். அதில் சோப்பு திரிந்து வெள்ளையாகப் படியும், முடி பிசுபிசுவென்று நிற்கும். அதோடு சோப்பு காரம், பிஹெச் (அமிலமா காரமா என்று காட்டும் அளவு) 9, 10 வரை போகும். நம் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, 5-ஐ ஒட்டி இருக்கும். சீயக்காயும் அந்தப் பக்கம்தான். சபோனின் இருப்பதால் நுரை வருகிறது, கொஞ்சமாக வந்தாலும் எண்ணெய் போய்விடும்.

அடுப்படியில் இருப்பதெல்லாம் முகத்துக்கு ஆகும் என்று நினைக்காதீர்கள். எலுமிச்சைச் சாற்றைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும், அந்தக் கறை போக வாரக்கணக்கில் ஆகும். ஆப்ப சோடா காரம், முகத்தில் அதற்கு வேலையே இல்லை. பரு வருகிற முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், உடம்புக்குப் போதும். எதையும் முதல் தடவை முழங்கை மடிப்பில் தடவி ஒரு நாள் பாருங்கள். பருவில் சீழ் கட்டினாலோ தோல் தடித்தாலோ தோல் மருத்துவரிடம் போங்கள்.

தோழிகள் எல்லோரும் கேட்பது, "இதைப் போட்டால் நிறம் வருமா?" வராது. நலங்கு மாவு அழுக்கை எடுக்கும், வழவழப்பு தரும், நாள் முழுக்க நல்ல வாசம் இருக்கும். நிறம் மாற வேண்டிய அவசியமும் இல்லை. என் மகளிடம் சின்ன வயதிலிருந்தே அதைத்தான் சொல்லி வளர்த்திருக்கிறேன்.

அரைப்பதாக இருந்தால் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் அரைத்துவிடுங்கள். பூவும் கிழங்கும் மொறுமொறுவென்று காயாமல் மில்லுக்குப் போனால் மாவு கட்டிபிடித்து, பதினைந்து நாளில் பூச்சி வைத்துவிடும்.