கீழக்குயில்குடிக் கொன்றையும் ஆட்டோ வெயிட்டிங்கும்

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். பூக்களை நெருக்கமாகப் படம் பிடிக்க, மதுரைப் பக்கமுள்ள கீழக்குயில்குடிக்கு ஆட்டோ பேசும்போதே, "போக, வர, ரெண்டு மணி நேரம் வெயிட்டிங், எல்லாம் சேர்த்து எவ்வளவுண்ணே?" என்று கேட்டு முடித்துவிடுங்கள். இல்லாவிட்டால் சமணர் மலை அடிவாரத்தில் இறங்கியதும் வெயிட்டிங்குக்குத் தனிக்கணக்கு முளைக்கும். டவுன் பஸ் மலிவுதான், ஆனால் பூவைப் படம் எடுக்கக் காலை ஆறு மணிக்கே அங்கே நிற்க வேண்டும். எட்டைத் தாண்டினால் சித்திரை வெயிலும் காற்றும் சேர்ந்து கெடுத்துவிடும்.

சின்னப் பொருளை மிக நெருங்கி எடுக்கும் மேக்ரோ லென்ஸுக்குக் கடன் வாங்காதீர்கள். 50 மி.மீ. லென்ஸும் 12, 20, 36 மி.மீ. எக்ஸ்டென்ஷன் ட்யூப்களும் (கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே மாட்டும் வெற்றுக் குழாய்கள்) போதும். 20 மட்டும் மாட்டினால் க்ராப் சென்சாரில் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்ன சென்சார்) ஒரு கொன்றைப்பூ முழுசாக அடங்கும். வேப்பம்பூ ஒரு சென்டிமீட்டர் இருந்தாலே அதிகம். அதற்கு மூன்றையும் அடுக்கணும். அப்படி அடுக்கினால் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும், அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித்துளையை, எஃப் 8-க்குச் சுருக்கினால்கூட ஃபோகஸ் ஆழம் (தெளிவாக விழும் தடிமன்) அரை மில்லிமீட்டர் தேறாது. எஃப் 16-க்கு மேல் துளையை இன்னும் சுருக்கினாலோ படம் மொத்தமும் மழுங்கும். மின்தொடர்பு இல்லாத மலிவு ட்யூப் என்றால் அப்பர்ச்சர் வளையம் உள்ள பழைய லென்ஸ்தான் சரிப்படும்.

ஆட்டோ ஃபோகஸை அணைத்துவிட்டு, பின்திரையில் தெரியும் லைவ் வியூவைப் பெரிதாக்கி, ஃபோகஸ் வளையத்தைத் தொடாமல் உடம்பையே முன்னும் பின்னும் அசைத்துப் பிடியுங்கள். ஷட்டர் வேகம் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது. அதற்காக ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 800 போனாலும் பரவாயில்லை.

கொன்றை இருக்கிறதே, பேரழகி, ஆனால் படுத்தி எடுக்கும்! சரம் தொங்குவதால் மூச்சுக்காற்றுக்கே ஆடும். ஒரு குச்சியை நட்டு, துணி கிளிப்பால் காம்பைப் பிடித்து வையுங்கள். பத்து மகரந்தத் தாள்களில் மூன்று மட்டும் நீண்டு வளைந்திருக்கும். அவை சென்சாருக்கு இணையாக வரும்படி பக்கவாட்டில் நின்றால்தான் மூன்றும் தெளியும். அந்த மஞ்சளில் சிவப்புச் சேனல் (படத்தின் சிவப்பு நிறப் பகுதி) முதலில் அளவு மீறி வெடித்து, இதழ் நரம்பெல்லாம் காணாமல் போகும். எக்ஸ்போஷரை 0.7 ஸ்டாப் குறைத்து, சிவப்பு, பச்சை, நீலத்தைத் தனித்தனியாகக் காட்டும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள்.

புதுசாகப் பழகுகிறவர்கள் எருக்கிலிருந்து தொடங்கலாம். ஓசி மாடல், மெழுகுப் பூ, லேசில் ஆடாது. பால் பட்ட கையைக் கண்ணில் வைக்காதீர்கள், பார்வைக்கே ஆபத்து.

ட்யூப் மாற்றும்போது கேமராவை அணைத்து, லென்ஸ் மாட்டும் வாயைத் தரைப்பக்கம் கவிழ்த்துப் பிடியுங்கள். அந்த மண்பாதைப் புழுதி சென்சாரில் ஏறினால் சுத்தம் செய்யும் கூலி ஆட்டோக் காசையும் மிஞ்சும்.